சத்தமில்லாத வாணம்

மழையைக் கண்டு முகம் சுளிக்கிற ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். சிவகாசிப் பக்கம் வானம் கறுத்தால் பட்டாசு காயாது, தாள் நமுத்துப்போகும், வெயிலில் பரப்பியதை எல்லோரும் ஓடி ஓடி அள்ளுவார்கள். நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர் ஓட்டுகிறவன். மழை பெய்தால் எனக்கு மட்டும் வாயெல்லாம் பல். இதற்காக நான் வாங்காத ஏச்சு இல்லை.

காரணம் கண்மாய். பல வருஷம் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கண்மாய், இந்த ஐப்பசி கார்த்திகையில் கொட்டிய மழையில் கரை தொட நிரம்பிவிட்டது. நானும் என் மச்சினனும் லாரி டியூப்புகளைச் சேர்த்து மேலே பலகை கட்டி மிதக்க ஆரம்பித்தோம். துடுப்பு வாங்க இங்கே கடை ஏது? அச்சகத்தில் படம் அடித்துக் கழித்துப்போட்ட அலுமினியத் தகட்டை மடித்து மூங்கிலில் அறைந்துகொண்டேன். தகட்டில் போன வருஷத்துக் காலண்டர் முருகன் மங்கலாகத் தெரிவார்.

"சாமி மூஞ்சியப் போட்டு இப்படித் தண்ணியில அடிக்கீகளே, வெளங்குமா?" என்றாள் மனைவி.

"அவருதான் இழுத்துக்கிட்டுப் போறாரு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கண்மாய் நடுவே கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அவற்றில் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டின. தை பிறந்தபோது கூட்டுக்குக் கூடு குஞ்சுகள். எச்ச நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனாலும் நாங்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடப்போம். மச்சினன் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவன். பகலெல்லாம் அந்தச் சின்ன அறையில் பயத்தோடு மூச்சு விடுகிறவன், தண்ணீரில்தான் நன்றாக மூச்சு விட்டான். குஞ்சுகள் பறந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் அப்போது வேறு வேண்டுதல் கிடையாது.

பொங்கல் கழிந்ததும் வடநாட்டு வியாபாரிகள் வந்தார்கள். புது ரகங்களை அவர்களுக்கு விட்டுக் காட்ட வேண்டும். சுற்றிலும் காய்ந்த காடும் கம்பெனி ஷெட்டுகளும். ஒரு பொறி தவறி விழுந்தால் தீர்ந்தது. அதனால் தண்ணீர் ஓரம்தான் பத்திரம் என்று மச்சினனின் கம்பெனி கண்மாய்க் கரையைத் தேர்ந்தெடுத்தது. நாங்கள் மேனேஜரிடம் போய் நின்றோம்.

"உக்காருங்கண்ணே. சாப்பிட்டீகளா?" என்று டீ சொன்னார். மோசமான மனுஷன் இல்லை. விஷயத்தைக் கேட்டு மோவாயைத் தடவினார். "வேற எங்கன போறது? சரி, ஒண்ணு செய்வோம். ஒரு வெடிகூட வெடிக்கல. சத்தமில்லாத பேன்சி ஐட்டம் மட்டும் விடுறோம். மேல போயி விரியும், அம்புட்டுதான். குஞ்சுக தூங்கும்ண்ணே."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மச்சினனும் தலையாட்டினான். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு வெடி என்றால் சத்தம்தான். காதில் அறையாத எதையும் நாங்கள் வெடிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அன்று பொழுது சாய, நாரைகள் வந்து அடைந்த நேரம், முதல் வாணம் பச்சையாக விரிந்தது. கண்மாய் முழுக்கப் பச்சை. மரங்களிலிருந்து மொத்தப் பறவையும் எழும்பியது. கால்பட்டுக் குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. சில பறவைகள் வட்டமடித்துத் திரும்பின. அதற்குள் சிவப்பு. அப்புறம் தங்க நிறம். நானும் மச்சினனும் நிறுத்தச் சொல்லித் துண்டை வீசிக்கொண்டு கரையில் ஓடினோம். எங்களைப் பார்த்து மேனேஜரும் சந்தோஷமாகக் கையாட்டினார்.

பாவி மனுஷன்.

காலையில் போனபோது பெரிய பறவை ஒன்றுகூட இல்லை. மச்சினன் சொல்லித் தெரிந்துகொண்ட மேனேஜர், சந்தையில் பொடிமீன் வாங்கிக்கொண்டு அவரே வந்தார். நீச்சல் தெரியாதவர் பலகையை இறுகப் பிடித்து உட்கார்ந்து, "சத்தமே இல்லயேண்ணே, சத்தமே இல்லயே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தினமும் மரம் மரமாகப் போய் மீனைக் கூட்டுக்குள் போட்டோம். தாய் கக்கித் தருவதைத் தின்று வளர்ந்தவை, நாங்கள் போட்டதைச் சீந்தவில்லை. நாளுக்கு நாள் கூடுகள் அடங்கின.

கடைசியாக ஒரு குஞ்சு மிஞ்சியது. மேலே காக்கை போனாலும் அண்ணாந்து வாயைத் திறக்கும். பிறகு எங்களைக் கண்டாலே திறக்க ஆரம்பித்தது. மச்சினன் பலகைமேல் எழுந்து நின்று மீனை அதன் தொண்டைக்குள் வைப்பான். அது வெளியே வழிந்துவிடும். "முழுங்குலே, முழுங்கு" என்று கெஞ்சுவான்.

மறுநாள் போனபோது அதன் தலை கூட்டுக்கு வெளியே தொங்கியது, வாய் திறந்தபடியே.

மேனேஜர் மீன் பையை மடியில் வைத்து அதன் வாயை முடிச்சுப் போட்டார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல், "ஏவாரிக அந்தப் பச்சை ஐட்டத்துக்குத்தான் பெரிய ஆர்டர் குடுத்துட்டுப் போயிருக்காக" என்றார்.

கம்பெனி வேன் வரும் நேரமாகிவிட்டது என்று மச்சினன் டியூப்பைக் கரைக்குத் திருப்பினான். அன்றைக்கு அவன் மருந்து செலுத்த வேண்டியது அந்தப் பச்சை வாணத்துக்குத்தான்.