திரவியம் சார் படித்த இரண்டாம் வகுப்பு

மலையாளத் தலைநகரத்தில், சாலை என்ற பஜாருக்குப் பின்னால் உள்ள ஒரு தமிழ்வழிப் பள்ளியில் திரவியம் சார் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். பாத்திரக் கடையிலும் பூக்கடையிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சாருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவருடைய அப்பா சாலை பஜாரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மகனும் அதே கடையில் உட்காருவான் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அவர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்.

பார்த்தால் வாத்தியார் என்று சொல்ல முடியாது. உயரம், அடர்ந்த மீசை, முன்பக்கம் வழுக்கை. ரேஷன் கடையில் வந்து நின்றால் போலீஸ்காரர் என்று நினைத்து முன்னால் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் மாவட்டத்தின் தமிழ்வழி ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் அவர் வேறு ஒரு காரணத்துக்காகத் தெரிந்தவர். மே மாதப் பயிற்சியில் அவரை விடச் சிறந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை கிடையாது.

மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்களான எங்களுக்குப் பள்ளிக்கூடம். தமிழ்வழிக்காரர்கள் குறைவு என்பதால் மாவட்டம் முழுவதையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். சார்ட் பேப்பர் வரும், ஸ்கெட்ச் பேனா வரும், எங்களை முல்லை, தாமரை, செம்பருத்தி என்று குழு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் நாள் காலையில் கூச்சம் போவதற்காகக் கைதட்டி விளையாடுவதற்கு மலையாளத்தில் மஞ்ஞுருக்கல், அதாவது பனி உருக்குதல், என்று பெயர். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைக்காதவர்கள் அதற்கு முன்பே உருகியிருப்பார்கள்.

பயிற்சியின் முக்கியமான நிகழ்ச்சி மாதிரி வகுப்பு. ஒருவர் ஆசிரியராக நின்று பாடம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆசிரியர்களுக்குத் தப்பான பதில் சொல்ல வராது. "மூணும் நாலும் எத்தனை?" என்று கேட்டால், சொந்த வீட்டு எண்ணைக் கேட்டதுபோல எல்லோரும் ஒரே குரலில் ஏழு என்று சொல்லிவிடுவார்கள். முக்கால் மணி நேரத்துக்குத் திட்டமிட்ட பாடம் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு விவாதிக்க எதுவும் இருக்காது. பயிற்சி கொடுப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். நாங்கள் அவரைப் பார்ப்போம்.

பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வகுப்பின் நடுவில்தான் திரவியம் சார் ஒரு விரலைத் தூக்கினார்.

"சார், ஒண்ணுக்கு."

உண்மையாகவே போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். போனார், வந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் விரலைத் தூக்கினார். பிறகு, "சார், இவன் என் ரப்பரைத் திங்கான்," என்று பக்கத்தில் இருந்த தலைமையாசிரியரைக் காட்டினார். அதற்கும் பிறகு, ஏன் என்றே தெரியாமல் அழ ஆரம்பித்தார். பாடம் எடுத்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. அன்றைய விவாதம் மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது.

அன்றிலிருந்து, ஏப்ரல் பிறந்தால் பயிற்சியாளர்கள் அவருக்குப் போன் செய்து, "மே மாசம் லீவு ஒண்ணும் எடுக்கலையே சாரே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவரிடம் எல்லா வகைப் பிள்ளைகளும் இருந்தார்கள். தலைப்புக்குச் சிவப்பில் கோடு போடவா நீலத்தில் போடவா என்று பாடம் முடியும்வரை கேட்கும் பிள்ளை. எதைக் கேட்டாலும் "எங்க வீட்ல பூனை குட்டி போட்டிருக்கு" என்று சொல்லும் பிள்ளை. ஜன்னலில் காக்காய் வந்தால் காக்காயோடு போய்விடும் பிள்ளை. நடிப்பு பிரமாதம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"நடிப்பா? எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்க செய்யதை நான் செய்யேன். அவ்வளவுதான்."

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆர்.பி. ஆக வேண்டும். ஆர்.பி. என்றால் பயிற்சி கொடுக்கிறவர். கழுத்தில் அட்டை, கையில் மைக், தனியாக ஒரு மேசை. அவரிடம் சொல்வதற்கும் விஷயம் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஆர்.பி. ஆனார்கள். இப்போதைய ஆர்.பி. ஆன்சன் முதல் பயிற்சிக்கு வந்தபோது, திரவியம் சார் அவருடைய பென்சிலைத் திருடித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் பெயர் கேட்கும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "திரவியம் சார் அந்தப் பக்கம் போயிட்டா, பிள்ளையா யாரு இருப்பா?"

இந்த மே மாதம் பழைய ஆர்.பி. பட்டியலை மாற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசி நாள் கல்வி அலுவலகத்திலிருந்து சரசம்மா மேடம் என்ற அதிகாரி வருவார், மாதிரி வகுப்பைப் பார்ப்பார், தமிழ்வழியில் ஒருவரை எடுப்பார். திரவியம் சார் முதல் நாளே ஆன்சனைப் பிடித்துக்கொண்டார்.

"ஆன்சனே, கடைசி நாள் கிளாஸ் நான் எடுக்கேன்."

"ஐயோ சாரே. மேடம் வர்ற அன்னைக்கா? அப்போ பிள்ளை ஆரு?"

"இத்தனை பேரு இருக்காங்கல்லா?"

"இவங்க எல்லாம் வலிய அறிவாளிகளாச்சே சாரே. எட்டு நிமிஷத்துல பாடத்தை முடிச்சுத் தந்துருவாங்க."

"நான் பாத்துக்கிடுதேன். நீரு என் பேரை எழுதும்."

அடுத்த மூன்று நாட்களும் அவருக்குத் தூக்கம் இல்லை என்று நினைக்கிறேன். டீ இடைவேளையில் ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரகசியமாகப் பாடம் நடத்தினார். பெஞ்சிலிருந்து வலிக்காமல் கீழே விழுவது எப்படி என்று ஒருவருக்குக் காட்டிக்கொடுத்தார். இன்னொருவருக்கு அழுகை. போனக்காடு தோட்டப் பள்ளியில் வேலை பார்க்கும் சுசீலாபாய் டீச்சர் பயிற்சிக்காக மலையிலிருந்து இறங்கி வந்து தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். "நீங்க வீட்டை நினைச்சு அழுங்க, போதும்," என்றார் சார். "அதுக்கு எதுக்கு சார் பழகணும், ராத்திரி ராத்திரி அதானே செய்றேன்," என்றார் அவர்.

பகவதியம்மாள் டீச்சர்தான் பெரிய சிக்கல். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறப்போகிறவர். வாழ்நாளில் தப்பான பதில் சொல்லி அறியாதவர்.

"எனக்கு வராது திரவியம். சரியான பதில் தன்னால வாயில வந்திரும்."

"அக்கா, நீங்க வாயே திறக்காண்டாம். சும்மா இருக்க பிள்ளைதான் கையால ஏதாவது செய்யும். நீங்களும் கையால ஏதாவது செய்யுங்க."

"என்ன செய்யணும்?"

"அது அந்த நேரத்துல தோணணும் அக்கா. யோசிச்சுச் செஞ்சா பெரிய ஆளு செஞ்ச மாதிரி ஆயிரும்."

அதில் அவர் ஒரு தவறு செய்திருந்தார். எல்லோருக்கும் தனித்தனியாக, ரகசியமாகச் சொல்லியிருந்தார். அதனால் வகுப்பில் சேட்டை செய்யப்போகும் பிள்ளை தான் ஒருவர்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசி நாள் சரசம்மா மேடம் வந்து முன்வரிசை மேசையில் உட்கார்ந்தார். எல்லையோரம் பாறசாலைப் பக்கம் பிறந்தவர். நல்ல தமிழ் பேசுவார், வேகம் வந்தால் மலையாளத்துக்குப் போய்விடுவார். பேனாவையும் போனையும் மேசையில் வைத்துவிட்டுத் தலையசைத்தார்.

பாடம், மிதப்பவையும் மூழ்குபவையும். திரவியம் சார் நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் எலுமிச்சம்பழம், சீப்பு, கல், மாவிலை.

"பிள்ளைங்களா, இன்னைக்கு நாம என்ன செய்யப் போறோம்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான்கு பேர் ஒரு விரலைத் தூக்கினார்கள். ஒருவர் பெஞ்சிலிருந்து விழுந்தார். அவர் மேல் இன்னொருவர் விழுந்தார். இரண்டு தலைமையாசிரியர்கள் ஜன்னலோர இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். அதில் பழைய பகையும் கொஞ்சம் இருந்தது. செம்பருத்திக் குழுவில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்துவிட்டு, அது எலுமிச்சம்பழம் என்று பிறகுதான் உணர்ந்தார். சுசீலாபாய் டீச்சர் "நான் வீட்டுக்குப் போணும்" என்று ஆரம்பித்தார். அந்த அழுகையைக் கேட்டு வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். ஆன்சன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

திரவியம் சார் குரலை உயர்த்தவில்லை. விரல் தூக்கியவர்களில் இரண்டு பேரைப் போகச் சொன்னார். மற்ற இரண்டு பேரிடம், போனவர்கள் வந்தால் தன்னிடம் சொல்லும்படி பொறுப்பு கொடுத்தார். தலைமையாசிரியர்கள் இருவரையும் ஜன்னலோரத்தில் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வைத்தார். சுசீலாபாய் டீச்சரிடம் மாவிலையைக் கொடுத்து, "இதுக்குத் தண்ணின்னா பயம். நீ பிடிச்சுக்கோ," என்றார். அழுகை நின்றுவிட்டது. சரசம்மா மேடம் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். அதைப் பார்த்ததும் சாருடைய மீசைக்கு ஒரு தெம்பு வந்தது.

கல் மூழ்கியது. சீப்பு மிதந்தது.

"அடுத்து என்ன போட்டுப் பாக்கலாம்? யாரு எடுத்துட்டு வருவா?"

அதுவரை அசையாமல் இருந்த பகவதியம்மாள் டீச்சர் எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். முன்வரிசை மேசைக்குப் போனார். சரசம்மா மேடத்தின் போனை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வந்து தொட்டியில் போட்டார்.

ஒரு நொடியில் அந்த அறையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். தரையில் கிடந்தவர்கள் எழுந்து சேலையைச் சரிசெய்தார்கள். ஜன்னலோரத்தில் தலைமையாசிரியர்கள் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். பகவதியம்மாள் டீச்சர் மட்டும் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூழ்கிட்டு சார்," என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

திரவியம் சார் தொட்டியையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்பை நிறுத்தி மன்னிப்புக் கேட்டால் ஆர்.பி. ஆசை அங்கேயே முடிந்தது. நிறுத்தாவிட்டால் வேலையே என்ன ஆகுமோ தெரியாது. அவர் தொட்டியை நோக்கி விரலை நீட்டினார்.

"மூழ்கிட்டா? ஏன் மூழ்கிச்சு? யாரு சொல்லுவா?"

சரசம்மா மேடத்தின் கை மட்டும் தன்னை அறியாமல் பாதி உயர்ந்திருந்தது.

"நீ சொல்லு மக்களே," என்றார் சார், மேடத்தைப் பார்த்து.

"அது... அது என்டெ போனாணு."

"யாருதுன்னு நான் கேக்கல. ஏன் மூழ்கிச்சுன்னு கேட்டேன்."

அப்போது தொட்டிக்குள்ளிருந்து போன் அடித்தது. தண்ணீருக்கு அடியில் வெளிச்சம் எரிந்தது. சீப்பு மேலே லேசாக ஆடியது.

"சார், மீன் கூப்பிடுது," என்றார் சுசீலாபாய் டீச்சர், மாவிலையை நெஞ்சோடு பிடித்தபடி.

சார் கையை விட்டுப் போனை எடுத்தார், தன் கைக்குட்டையால் துடைத்தார், மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "பேசிட்டு வந்து உக்காரு. கிளாசுக்குப் போன் கொண்டு வரப்பிடாதுன்னு நேத்தே சொன்னேம்லா?"

மேடம் வாசல்பக்கம் போய்ப் பேசினார். அந்தப் பக்கம் யாரோ மேலதிகாரி. "ஆ சார். நல்லா நடக்குது சார். ஆக்டிவிட்டி ஆணு. இல்ல சார், நான் கிணத்துல ஒண்ணும் இல்ல. ரேஞ்ச் பிரச்சினை."

திரும்பி வந்தபோது அவருடைய நாற்காலியில் யாரோ ஒரு பிள்ளை ஏறி உட்கார்ந்திருந்தது. மேடம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பகவதியம்மாள் டீச்சரின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, கையை முழுசாகத் தூக்கினார்.

"சார், இவ என் போனைத் தண்ணியில இட்டு."

"இட்டது தப்பு. மன்னிப்புக் கேளு," என்றார் சார். பகவதியம்மாள் டீச்சர் கேட்டார். "ரெண்டு பேரும் கை குடுங்க." கொடுத்தார்கள். அதன் பிறகு வகுப்பு எங்கெங்கோ போனது. மேடத்தின் வளையல் மூழ்கியது, ஆன்சனின் கழுத்து அட்டை மிதந்தது, டீ வந்து ஆறிப்போனது.

விவாதம் ஆரம்பிப்பதற்கு முன் பகவதியம்மாள் டீச்சர் பெரிய ஆளாக மாறி வந்து நின்றார். "மேடம், தெரிஞ்சு செய்யல. கை தன்னால போயிட்டு."

"போன் நல்லா வேலை செய்யுது டீச்சரே. எல்லாருடைய சத்தமும் குளத்துக்குள்ளிருந்து வர்ற மாதிரி கேக்குது, அவ்வளவுதான். ஆபீஸ்ல சில பேரு பேச்சுக்கு அது போதும், கேட்டோ."

பிறகு திரவியம் சார் பக்கம் திரும்பி, "சார்தான் ஆர்.பி.," என்றார். திரவியம் சார் நன்றி சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கொட்டப் போனார். வர நேரமானது.

ஆர்.பி. ஆனவர்களுக்கு முதலில் மாநில அளவில் ஒரு பயிற்சி உண்டு. ஜூன் தொடக்கத்தில் அவர் அதற்குப் போய்விட்டு வந்த மறுநாள் சாலை பஜாரில் பூ வாங்கும்போது பார்த்தேன்.

"எப்படி இருந்தது சார்?"

"என்னத்தச் சொல்ல மக்களே. இடுக்கி, பாலக்காடு, எல்லா இடத்துலேருந்தும் வந்திருந்தாங்க. எல்லாரும் ஆர்.பி.தான். மாதிரி வகுப்புன்னு சொன்னதும் பூரா பேரும் டீச்சரா நிக்கணும்னு சொல்லுதாங்க. பிள்ளையா இருக்க ஒருத்தருக்கும் மனசில்ல. உக்காந்தவங்களும் கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லுதாங்க."

"அப்புறம்?"

"பொறுத்துப் பாத்தேன். முடியல. பக்கத்துல மறையூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு. கையில கடிச்சிட்டேன்."

பூக்காரம்மா முழம் போடுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். திரவியம் சார் பூவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நல்ல மனுஷன்," என்றார். "திருப்பிக் கடிச்சாரு."