ஜும்மா நேரத்தில் ஒரு டிரங்க் கால்

1982 ஜூன் பதினொன்று, வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு முதலாளி அப்துல் கஃபார் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். கார் ஆம்பூர் பஜார் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பொன்மலர் ஓடிப்போய் அவர் மேஜையருகே நின்றுகொண்டாள். தோல் பதனிடும் அந்த டேனரி முழுவதற்கும் அந்த ஒரு போன்தான். வாரத்தில் அது சும்மா கிடப்பது இந்த ஒரு மணி நேரம் மட்டுமே.

அவளும் நானும் அங்கே டைப்பிஸ்டுகள். ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். வியாபாரிகளிடம் போனில் பேசும் வேலை என்பதால் இன்டர்வியூவும் போனில்தான். ஒரு மணிக்குக் கூப்பிடும்படி பொன்மலரே எழுதிப் போட்டிருந்தாள். பாய்க்கு ஒன்றும் தெரியாது. நான்கு வருஷமாக ஒரே மாதிரி பில்லை அடித்து அடித்து அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்தது. இதை விட்டால் வேறு வழி இல்லை என்றிருந்தாள்.

"கிரேஸி, வாசலைப் பாத்துக்கடி. பாய் வந்தா இருமு."

"ஜாஸ்தி இருமினா என்னை ஆஸ்பத்திரியில சேத்துடுவாருடி!"

மணி நீளமாக அடித்தது. வெளியூர் டிரங்க் கால்தான். ஷூ கம்பெனி மேனேஜர் சுப்பராயன் கத்திப் பேசியது வாசலில் நின்ற எனக்கே கேட்டது. "உன்னைப் பத்திச் சொல்லும்மா."

பொன்மலர் எழுதி வைத்திருந்த ஆங்கிலத்தை ஒப்பித்தாள். நாலாவது வரியில் அவர் நிறுத்தினார்.

"காகிதத்தைப் பாத்துப் படிக்கிறியா?"

அவள் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமா சார். இப்ப கவுத்து வச்சிட்டேன். கேளுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "சரி, சரக்கு ஒரு வாரம் லேட்டு. வாங்கறவன் போன்ல கத்தறான். என்ன சொல்லுவ?"

"கத்தி முடிக்கட்டும் சார். அப்புறம், மழை, தோல் காயலைன்னு சொல்லுவேன். எந்தத் தேதி லாரி ஏறும்னும் சொல்லிடுவேன்."

"மெஷின் ரிப்பேர்னா சுளுவா முடிஞ்சிடுமே?"

"எந்த மெஷின்னு நாளைக்குக் கேட்டா மாட்டிக்குவேன் சார். மழைன்னா பேப்பர்லயே வந்திருக்கும்."

கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வாசலைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

"எப்ப வந்து சேரணும்னு நான் கேக்கலாமா சார்?"

"அது வந்தும்மா…" என்றார் அவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்காரர் குறுக்கே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு" என்றார். லைன் அறுந்தது.

மறுநாள் காலை, ஊர் சுற்றும் புது வேலை ஒன்றுக்காக நான் நாக்பூருக்கு ரயிலேறினேன். அங்கிருந்து போபால், கல்கத்தா என்று எங்கும் கால் தரிக்கவில்லை. பொன்மலரின் கடிதம் என்னை ஊர் ஊராகத் துரத்தி, நான்கு முகவரிகள் அடிக்கப்பட்டு, எட்டு மாதம் கழித்து ஷில்லாங்கில் கைக்கு வந்தது.

"கிரேஸி, நீ வீட்டுக்குப் போனதும் அவரு சாயங்காலமே மறுபடி கூப்பிட்டாருடி. எடுத்தது யாரு, பாய்! 'எங்க பொண்ணு உங்களுக்கு இன்னாத்துக்கு?'ன்னு ஒரே சண்டை. 'இப்படிப் பேசற பொண்ணை டைப் அடிக்கவா வச்சிருக்கீங்க?'ன்னு மேனேஜர். கடைசியில பாயே வந்து, 'ஒண்ணாந்தேதி போய் சேரும்மா'ன்னுட்டாரு. சேந்துட்டேன். நேத்து ஜெர்மனிக்காரன்கிட்ட பேசினேன்டி. அவனும் நம்மள மாதிரிதான், சரக்கு லேட்டுன்னதும் முதல்ல மழை பெய்யுதான்னு கேக்கறான்!"