மொட்டை மாடித் தரைநிலையம்

திருநின்றவூரில் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, பருத்திப்பட்டு நெரிசலில் பஸ்ஸில் நசுங்கி வேலப்பன்சாவடி போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரோடு கல்லூரி மொட்டை மாடிக்கு ஏறுவேன். எங்கள் மாணவர்கள் செய்து விண்ணுக்கு அனுப்பிய சின்னச் செயற்கைக்கோளின் சிக்னலைப் பிடிக்கும் தரைநிலையம் அங்கேதான். பேர்தான் பெரிது. ஓர் ஆன்டெனா, ஒரு தகரக் கொட்டகை, ஒரு லேப்டாப், நான்.

மேலே போன புதிதில் அது கீச் கீச்சென்று பேசியது. பிறகு குரல் மெலிந்து மாதக்கணக்கில் வெறும் இரைச்சல். “ஆயுத பூஜை லீவுக்குள்ள ஏதாவது கேக்கணும்மா, இல்லேன்னா மூடிடுவோம்” என்று தாளாளர் சொல்லிவிட்டார். மூடினால் எனக்கும் அங்கே வேலை கிடையாது. அதுகூடப் போகட்டும். அந்தச் சனியன் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமலே போய்விடுமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லீவுக்கு முந்தின நாள் பூஜை. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆன்டெனாவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூச்சரம் சுற்றினார். கற்பூரம் காட்டியதும் எல்லா மெஷினுக்கும் ஓய்வு. லிஃப்ட், கம்ப்யூட்டர், பட்டறை லேத் எதுவும் ஓடக்கூடாதென்று மெயினையே அணைத்துவிட்டார்கள். நான் பேட்டரியில் ஓடும் லேப்டாப்பைத் திறந்தேன்.

“இன்னா மேடம், சாமி குத்தம் ஆயிடும். அதுவும் டெய்லி கத்திகினே கீது, ஒரு நாள் உடுங்க.”

“மேல சுத்துறதுக்கு லீவு கிடையாதுண்ணா. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் வரும் நேரம். ஹெட்போனில் வழக்கமான இரைச்சலே இல்லை. இத்தனை நாளும் எங்கள் கல்லூரி மெஷின்களே காதை அடைத்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. அட முட்டாள்களா, வானத்தையல்லவா திட்டிக்கொண்டிருந்தோம்!

மெல்ல ஒரு கீச். மறுபடி கீச். ஹெட்போனைக் கழற்றி அண்ணன் காதில் மாட்டினேன்.

“ஐயே, கீது மேடம்! உசுரோட கீது!”

நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

லீவு முடிந்ததும் பதிவைத் தாளாளருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டாச்சுல்ல? ரொம்ப சந்தோஷம்மா. அப்ப வேலை முடிஞ்சுது. ஆன்டெனாவைக் கழட்டிடச் சொல்லுங்க.”

சண்டை போடத் தெம்பில்லை. மாடிக்கு ஏறி அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

“உசுரோட கீதுன்னு சொன்னீங்களா மேடம்?”

“அதைத்தாண்ணா போட்டுக் காட்டினேன்” என்றேன்.