திமிங்கில மனுவில் இல்லாத பெயர்

கனடாவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு சுற்றுச்சூழல் குழு உண்டு. போன வசந்தத்தில் அந்தக் குழு, திமிங்கில வேட்டையை உலகம் முழுக்கத் தடை செய்யக் கேட்டு ஒரு மனு எழுதியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் மாட்டேன் என்றேன்.

என் எதிர்வீட்டுப் பெண் கனடாவின் வடகோடிக் கரையில் பிறந்த இனுயிட் பழங்குடி இனத்தவள். நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். ஊரில் திமிங்கிலம் பிடித்தால் தம்பி அவளுக்கும் ஒரு பங்கு அனுப்புவான். தோலும் கொழுப்புமாக ஒரு பச்சைத் துண்டை எனக்கும் தந்திருக்கிறாள். வாயில் போட்டு மெல்ல மெல்லக் கடல் வாசம் வந்தது.

"மனு எழுத முதல் அவவைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

குழுத் தலைவர் எங்கள் யாழ்ப்பாணத்து அண்ணை. "தங்கச்சி, திமிங்கிலம் அழிஞ்சுகொண்டு போகுது. உதுக்கு ஆரைக் கேக்கிறது?"

"ஓம் அண்ணை, அழிஞ்சதுதான். ஆர் அழிச்சது? திமிங்கில எண்ணெய்க்காக வந்த பெரிய கப்பல்காரர். இவையின்ரை சின்ன வள்ளங்களே?"

"அது பழைய கதை. இப்ப ஒண்டு செத்தாலும் நட்டம்தானே?"

நியாயமான கேள்வி. அதை நானும் அவளிடம் கேட்டிருந்தேன். "எத்தனை பிடிக்கலாம் என்று எங்களுக்கு எல்லை இருக்கிறது. திமிங்கிலம் இல்லாமல் போனால் முதலில் பட்டினி கிடக்கப்போவது யார்?" என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள்.

என் அப்பா மீன் பிடித்தவர். யுத்த காலத்தில் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டார்கள். போட்டவர்களில் ஒருவர்கூட எங்கள் அடுப்பை வந்து பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"மனுவை மாத்துங்கோ. விக்கிறதுக்கு வேட்டையாடுற கப்பல்களை நிப்பாட்டச் சொல்லுங்கோ. வடக்குக் கடலை ஊத்தையாக்கிற கப்பல்களையும் சேத்து எழுதுங்கோ. இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

மனுவை மாற்றலாமா என்று வாக்கெடுத்தார்கள். தோற்றேன். என் பக்கம் ஒரு கைகூட உயரவில்லை.

"அப்ப நீங்கள் குழுவிலை இருக்கிறது கஷ்டம்," என்றார் அண்ணை.

"எனக்கொரு கஷ்டமும் இல்லை. நான் போகமாட்டன்."

மனு என் பெயர் இல்லாமலே போனது. அடுத்த கூட்டத்துக்கு எதிர்வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். யாரும் வா என்று சொல்லவில்லை. நாங்களே இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு, முன்வரிசையில் உட்கார்ந்தோம். அன்றைய பேச்சு ரூஜ் ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குவது பற்றி. யார் யார் வருவீர்கள் என்று அண்ணை கேட்டபோது, முதலில் கையை உயர்த்தியது அவள்தான்.