கத்தியை மழுக்கிய கை

முதல் அறிகுறி ஒரு தேயிலைச் செடியில் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் இலங்கை மலையகத்தில் ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு ஒரு முறை தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. ஆனால் அடியோடு மொட்டையடிக்கக் கூடாது. செடி மூச்சு விட ஓரிரு கிளைகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும். மீசை அரும்பிய காலத்திலிருந்து அவருக்கு இதுதான் வேலை. அவர் வெட்டிய செடி பட்டுப்போனதாக ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் அவர் வெட்டிய நிரை முழுவதும் ஒரு கிளைகூட இல்லாமல் நின்றது. கங்காணி கேட்டதற்கு, "விட்டுத்தானே வெட்டுனேன்" என்றாராம். மறுநாளும் அப்படியே. முதலில் அவரைப் புல் வெட்ட மாற்றினார்கள். பிறகு, போதும் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். தோட்டத்துக் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுப்படியில் மிலாறு (கவ்வாத்தில் விழுந்த குச்சி, எங்கள் விறகு) வெட்டக் கிடந்த பழைய கத்தி ஒன்று மட்டும் எங்களிடம் மிஞ்சியது.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "பொண்டாட்டி பேச்சக் கேக்காத மண்டைக்கு இப்ப மறதி ஒரு கேடா" என்று கேலிதான் பேசினேன். அவர் பக்கத்து வீட்டுக் கதவில் போய் நின்றபோதுகூட, வரிசையாகக் கட்டிய லயத்தில் எல்லாக் கதவும் ஒன்று போலத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மாலை, செத்துப் பல வருடமான தன் தாயைப் பற்றி, "ஆத்தா சாப்ட்டுச்சா?" என்று கேட்டார். அதோடு என் கேலி நின்றது.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டுவதா திறந்துவிடுவதா என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டையும் செய்தவள்.

பதுளை ஆஸ்பத்திரியின் நீண்ட விறாந்தையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அவருடைய கை மடியில் சும்மா இல்லை. எதையோ பிடித்து இழுத்து வெட்டிக்கொண்டே இருந்தது. துண்டு எழுதுகிறவர் புருஷன் பேரைக் கேட்டார். எங்கள் பக்கத்தில் பெண்கள் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. நான் தலையைக் குனிந்தேன். "மாரிமுத்துங்க" என்று அவரே சொன்னார். பெயர் இன்னும் இருந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையான மனிதர். "இது என்ன வருசம், ஐயா?" என்று கேட்டார்.

இவர் யோசித்தார். "மூணாம் நம்பர் மல வெட்டி ரெண்டு வருசம்ங்க." (தேயிலை நிற்கும் துண்டுக்கு எங்கள் பேச்சில் மலை.)

டாக்டர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"அம்மா, இது பைத்தியம், விசர் ஒண்டும் இல்ல. டிமென்ஷியா எண்டு சொல்லுறது" என்றார். (நினைவும் அறிவும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் நோய்.) "இதை மாத்த மருந்து இல்ல. பிரஷருக்கு மட்டும் குளிசை தாறன்."

"அப்ப நான் என்னங்க செய்யிறது?"

"தெரிஞ்ச இடத்தில தெரிஞ்ச வேலையைச் செய்ய விடுங்கோ. வெளியில நடக்கட்டும். பூட்டி வச்சால் கெதியா விழுந்திடுவார்."

"அவருக்குத் தெரிஞ்சது கத்தி வேலங்க."

டாக்டர் அவருடைய கையைப் பார்த்தார். "அப்ப கவனம்" என்றார். அதற்கு மேல் அவர்தான் என்ன சொல்வார்.

அந்த வார்த்தையை நம்பி அவரை வெளியே விட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுப்படிக் கத்தியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு மேலே உள்ள மலைக்குப் போய்விட்டார். கொழுந்து தள்ளி நின்ற மலை அது. ஆட்கள் பார்த்து ஓடி வருவதற்குள் ஒரு நிரைச் செடிகளை வெட்டிச் சாய்த்திருந்தார். பறிக்கிற கொழுந்தில் கத்தி வைப்பது எங்களுக்குச் சோற்றில் மண் போடுகிற மாதிரி.

கணக்கப்பிள்ளை வாசலுக்கு வந்தார். "இன்னொரு தடவ மலையில இவரப் பாத்தா, வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. அதுக்கப்புறம் என்னைய ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் பயம் கூடியது.

என் மகன் செல்வராஜ் ஸ்டோரில், அதாவது தேயிலை தயாரிக்கும் இடத்தில், வேலை செய்தான். அன்று மாலையே பதுளைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தான். நான் தடுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் ஆயா. தாய்மார் மலைக்குப் போனால் கைக்குழந்தைகளைப் பார்ப்பது என் வேலை. அவரையும் பார்த்துக்கொண்டு அதையும் எப்படிச் செய்வது?

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்படிக்கும்போதே எழுந்து கதவை இழுப்பார். பிறகு குத்துவார். பிறகு கெஞ்சுவார். "தொர வந்துருவாருங்க, தெறங்க" என்று என்னிடமே 'ங்க' போட்டுக் கெஞ்சுவார். சில நாளில் சத்தம் நின்றுவிட்டது. சாப்பாடும் நின்றது. உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போனார். கால் வீங்கியது. அதற்கு முன் தானே வேட்டி கட்டிக்கொண்டிருந்தவர், வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அது என்னவென்று பார்த்தார்.

நான் பூட்டைத் திறந்து முற்றத்தில் எறிந்தேன்.

"நாளைக்கு ஏதாவது ஆனா யாரும்மா பதில் சொல்றது?" என்று செல்வராஜ் கத்தினான்.

"செடிய வெட்டும்போதே மூச்சுக்கு ஒரு கெள விடுறாங்க. மனுசனுக்கு விடக் கூடாதாடா?" என்றேன். அவன் முற்றத்துக்கு இறங்கினான். பூட்டைப் பொறுக்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.

பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே ஒரு சரிவு. பழைய தேயிலை மரமாக வளர்ந்து காடாகிக் கிடந்தது. யாரும் அதில் பறிப்பதில்லை. கீழ்த்துண்டு என்போம். கணக்கப்பிள்ளையின் வீட்டுக்கே போய் நின்றேன்.

"அதுல வெட்டட்டும்" என்றார். "மலைப்பக்கம் கால வைக்கக் கூடாது. ஒங்க பொறுப்பு."

தாய்மார் அவ்வளவு லேசில் விடவில்லை. சரசு என்கிற பெண், மூன்று மாதப் பிள்ளைக்காரி, எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். "ஆயாம்மா, ஒங்க மேல ஒண்ணும் இல்ல. புத்தி இல்லாத ஆளு கையில கத்தி. கீழ அவரு, மேல எங்க புள்ளைங்க. நாங்க எப்பிடி மலையில நிம்மதியா நிக்கிறது?"

"அது வெட்டாத கத்தி. நான் பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மாலையில் அவர் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது, கத்தியின் விளிம்பை வாசல் கல்லில் தேய்த்து மழுக்குவேன். காலையில் அவர் எழுந்ததும் கட்டைவிரலை விளிம்பில் வைத்துப் பார்ப்பார். முகம் சுளிப்பார். சாணைக்கல்லை நான் ஒளித்துவிட்டேன். அது அவருக்கு ஒரு பொருட்டா? கிடைத்த கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்துத் தீட்ட உட்கார்ந்துவிடுவார். பாதிக் கூர் வந்ததும், "எந்தப் பய தொட்டான் இத" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்புவார். அந்தப் பயல்தான் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். நான் மழுக்க, அவர் தீட்ட, இப்படி ஒரு குடித்தனம் நடந்தது.

ஆனால் அவர் தேறினார். கால் வீக்கம் வடிந்தது. பசி வந்தது. வெயிலில் வேர்த்து வந்து குளித்துவிட்டுப் படுத்தால் விடியும்வரை தூக்கம். நோய் போகவில்லை. என் பெயர் போய்விட்டது, மகன் யாரென்பதும் போய்விட்டது. உடம்பு மட்டும் அவருடையதாக இருந்தது. பிள்ளைக்காம்பரா விறாந்தையில் தொட்டில் ஆட்டிக்கொண்டே கீழிருந்து வரும் கத்திச் சத்தத்தைக் கேட்பேன். சத்தம் வந்தால் ஆள் இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

பிறகு, ஒரு காலையில், அவர் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். தீட்டாமலே போனார். மறுநாளும் அப்படியே. நான் சந்தோஷப்பட்டேன். இனி கத்தி மழுங்கியே இருக்கும், சரசுவுக்குக் கொடுத்த வாக்கு நிற்கும் என்று நினைத்தேன். அவரிடமிருந்து இன்னொன்றும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் பனிமூட்டம் இறங்கியது. எங்கள் பக்கத்து மூட்டம் சொல்லிவிட்டு வராது. கண்ணெதிரே இருந்த படிக்கட்டு காணாமல் போனது. டொக், டொக் என்று மழுங்கிய கத்தியின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அது நின்றது.

விறாந்தை ஓரத்துக்கு வந்து, "இந்தாங்க" என்று கூப்பிட்டேன். கலியாணமான நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். உள்ளே குழந்தைகள் விழித்து அழத் தொடங்கின. அவர்களை விட்டுவிட்டு இறங்க முடியாது. சரிவின் அடியில் ஓடை, அதற்கு அப்பால் பாறைச் சரிவு. அவர் மலைப்பக்கம் போயிருந்தால் வீடு போகும். ஓடைப்பக்கம் போயிருந்தால் ஆளே போய்விடுவார்.

'இந்தாங்க' என்பது தன்னைத்தான் என்று அவருக்கு இப்போது எப்படித் தெரியும்? அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெயர்.

"மாரிமுத்து" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து, பெரட்டில் பெயர் கூப்பிட்டதற்குச் சொல்வது போல, "இருக்கேங்க" என்று பதில் வந்தது.

ஆனால் வரவில்லை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், அவர் அங்கேயே இருந்து இருக்கேங்க, இருக்கேங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் தேய்ந்துகொண்டு வந்தது. அப்போது பால் கொடுக்க மலையிலிருந்து சரசு வந்தாள். நான் மரியாதையில்லாமல் புருஷன் பேரைக் கத்துவதைக் கேட்டதும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "நீங்க போங்க ஆயாம்மா, புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒரு அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் பிளந்திருந்தது. வேட்டி முழுக்க இரத்தம். யாருடைய காலோ என்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன்.

தோட்டத்து டிஸ்பென்சர் (மருந்தும் கட்டும் பார்ப்பவர்) தையல் போட்டார். கத்தியை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இது யாரு வேல? மழுங்குன கத்தி முத்துன மரத்துல நிக்காது, வழுக்கிட்டுக் காலுக்குத்தான் வரும்" என்றார்.

காவலுக்கு என்று நான் செய்ததே அவர் காலில் இறங்கியிருந்தது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வராஜ் பெட்டியைத் திறந்து, பூட்டை எடுத்துப் படியில் வைத்தான்.

காயம் ஆறும்வரை அவரால் நடக்க முடியவில்லை. அதனால் பூட்டு அங்கேயே கிடந்தது. தையல் பிரித்த மறுநாள், தப்படித்ததும் எழுந்து கதவைப் பார்த்தார். செல்வராஜ் என்னைப் பார்த்தான். நான் ஒளித்து வைத்த சாணைக்கல்லை எடுத்தேன். வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, கத்தியைத் தீட்டத் தொடங்கினேன்.

எனக்கு மழுக்கத்தான் தெரியும், தீட்டத் தெரியாது. அவர் பக்கத்தில் வந்து குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நிமுத்தாத. சாச்சுப் புடி" என்றார். சாய்த்துப் பிடித்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பினார். கல்லில் கத்தியின் சத்தம் மாறியது. அதை அவர் காது அறிந்தது, முகம் தெளிந்தது. கட்டைவிரலை விளிம்பில் வைத்துப் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ எந்தக் கங்காணி ஆளு?" என்று கேட்டார்.

கவ்வாத்து ஆண்கள் மட்டும் வெட்டுவது. அவருக்குச் சோறு போட்டு, பிள்ளை பெற்று, அவரோடு கிழடான என்னை, அந்தக் கூட்டத்தில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. இரண்டும் வந்தது.

"ஒங்க கங்காணி ஆளுதாங்க" என்றேன்.

"அப்ப வா. வெயில் ஏறிட்டா ஆவாது."

செல்வராஜ் படியில் கிடந்த பூட்டை எடுத்து, நாங்கள் போக வழி விட்டான்.

பிள்ளைக்காம்பரா வேலையை நான் சரசுவுக்கு விட்டுக்கொடுத்தேன். தினமும் நானும் ஒரு கத்தியோடு அவருக்குப் பக்கத்து நிரையில் நின்றேன். அவர் வெட்டும்போது விட வேண்டிய கிளையை நான் கையால் பிடித்துக்கொள்வேன். கை இருந்தால் அதை விட்டுவிட்டு வெட்டுவார். கீழ்த்துண்டு முழுவதையும் அப்படித்தான் முடித்தோம். அது துளிர்த்ததையும் பார்த்தார். அடுத்த அடைமழையில் நிமோனியா (நுரையீரலில் சளி கட்டும் காய்ச்சல்) வந்து போய்ச் சேர்ந்தார். கடைசி வாரம்வரை நடந்தார். எங்கே என்று தெரியாமல்தான் நடந்தார். ஆனால் வெளியில் நடந்தார்.

கீழ்த்துண்டை நான் விடவில்லை. என் கட்டைவிரல் தோல் அவருடையது போலத் தடித்துவிட்டது. எதை எடுத்தாலும் விளிம்பைத் தடவிப் பார்க்கிறது.

போன மாதம் கண் காட்ட பதுளைக்குப் போனேன். செல்வராஜ் கூட வந்தான். இளவயது டாக்டர். ஏதோ எழுதிக்கொண்டே, "வீட்டுக்காரர் இறந்து எவ்வளவு காலமம்மா?" என்று கேட்டார்.

"கீழ்த்துண்ட ரெண்டு தடவ வெட்டியாச்சுங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, என் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவருடைய நிம்மதிக்காக வருடத்தையும் சொன்னேன். விரல் விட்டு எண்ணித்தான் சொல்ல முடிந்தது.