ஏகாதசியன்று வந்த குப்பை டிராக்டர்

நெற்றி நிறைய நாமம், மூக்கைச் சுற்றி ஈரிழைத் துண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீதிக்குக் குப்பை டிராக்டர் ஓட்டிவந்தவர் அப்படித்தான் இருப்பார். தொண்ணூறுகளில் நகராட்சி எங்கள் பகுதிக் குப்பையைத் தனியார் காண்ட்ராக்டருக்கு விட்டிருந்தது. டிராக்டர் நிறைந்தால்தான் ஒரு நடை. நடைக்குத்தான் அவருக்குக் கூலி.

அன்று ஏகாதசி. வீதியே விரதம். ஒரு எச்சில் இலைகூட விழவில்லை.

"என்னலே இது, தொட்டியெல்லாம் தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு!" என்று என்மேல் பாய்ந்தார்.

"பெருமாளுக்காகப் பட்டினி கெடக்கோம் அண்ணாச்சி. வேணும்னா நாலு செங்கல் தாரேன், ஏத்திக்கிடுங்க."

"ஒன் செங்கல் ஒண்ணும் வேண்டாம். மடவார் வளாகம் சிவன் கோயில்ல ஒரு காதுகுத்துச் சாப்பாடாம். பெருமாள் கைவிட்டா சிவன்கிட்டதாம்லே போணும்."

"ஊரு சுத்தமா இருந்தா நல்லதுதான?"

"நகராட்சி வண்டியில மாசச் சம்பளத்துக்கு ஓட்டுனப்ப நானும் அப்படித்தாம்லே நெனச்சேன்."

கிளம்பியவர், வழக்கம்போலப் பெருமாள் கோயில் கோபுரத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்திக் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஊர் சுத்தமாக இருக்கணும் என்று வேண்டினாரா, குப்பை சேரணும் என்று வேண்டினாரா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பெருமாளும் அன்று கொஞ்சம் முழித்திருப்பார்.