சந்தனம் பூசிய மோட்டார்

இரண்டாம் உலகப் போர் சமயம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, மதுரையில் பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. அப்போது நான் ஆரப்பாளையம் பக்கம் ஒரு நூற்பு மில்லில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியராக இருந்தேன். ரயில் கூட்ஸ் ஷெட்டிலிருந்து பஞ்சுப் பொதிகளைக் கொண்டுவர லாரிக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. பாட்டரியில் ஓடும் வண்டி ஒன்று செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். முதலாளி சரி என்றார். அதற்கு மோட்டார் வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

காகிதத்தில் கோடு போட்டது நான். அதை மோட்டாராக்கியது எங்கள் மில்லில் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், கட்டும் ஒருவர். ஆனையூரிலிருந்து தினமும் நடந்தே வருவார். அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பத்தில் பிறந்து, எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான் போட்ட கணக்கில் கம்பி சூடேறும் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் அவர் சொன்னபடியே சூடேறியது. மூன்றாவதாகச் செய்த மோட்டார், பொதி ஏற்றிய வண்டியை மில்லுக்குள்ளேயே பத்துச் சுற்று இழுத்தது. தொட்டுப் பார்த்தால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

முதலாளி பார்க்க வரும் நாளில் வண்டிக்குப் பூஜை போட வேண்டும் என்றார் மானேஜர். போடட்டும், நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் சூடம் ஏற்றும் முன் அந்த அண்ணனைப் பார்த்து, "நீ தள்ளி நில்லுப்பா. மில்லு கேட்டுப் பக்கம் போ" என்றாரே! மோட்டாருக்குள் இருந்த ஒவ்வொரு கம்பிச் சுற்றும் அவர் கைபட்டது. பூஜைக்கு மட்டும் அந்தக் கை ஆகாதாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அதோடு விட்டாரா? மோட்டாரின் மூடியையும் கழற்றச் சொன்னார் மானேஜர். கார்பன் துண்டுகள் உரசிச் சுற்றும் செம்பு வளையம் உள்ளே பளபளவென்று தெரிந்தது. சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து, "இதுதான்யா வண்டிக்கு உசுரு" என்று அதன் மேலேயே அப்பினார்.

கேட்டுப் பக்கமிருந்து அந்த அண்ணன் கத்தினார். "சார்! மோட்டாருக்குள்ள வேணாம் சார்! ஈரம் ஆகாது!"

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. முதலாளி பார்க்கும்போது மானேஜரின் கையைத் தடுக்கத் துணிவு வரவில்லை. கொஞ்சம் ஈரம்தானே, சுற்றினால் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதற்கா இன்ஜினியர் படிப்பு!

வண்டி இருபது அடி போயிருக்கும். மோட்டாருக்குள் படபடவென்று பொறி பறந்தது. குபுகுபுவென்று புகை வந்து, வண்டி நின்றுவிட்டது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு காரில் ஏறிப் போனார். அவர் காருக்கு மட்டும் எங்கிருந்தோ பெட்ரோல் கிடைத்துக்கொண்டிருந்தது. மானேஜர் மோட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கேட்டுக்குப் போனார்.

"காயில ஒழுங்காக் கட்டத் துப்பில்ல. நாளையிலருந்து வேலைக்கு வராத" என்றார்.

என்ன அநியாயம் இது! அன்றைக்கு அந்த மோட்டார் பக்கமே விடாமல் நிறுத்தி வைத்த ஒரே ஆள்மீது பழி!

அன்று மாலையே மோட்டாரைப் பிரித்தேன். அவர் கட்டிய காயிலில் ஒரு குறையும் இல்லை. செம்பு வளையத்தில்தான் சந்தனம் கருகி ஒட்டிக்கிடந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மானேஜரின் மேஜைமேல் வைத்தேன்.

"சாமி காரியத்தால மோட்டாரு எரியுமாய்யா? காயில் பழுதுன்னு எழுதி முடி" என்றார்.

"சாமி எரிக்கல சார். நீங்கதான் எரிச்சீங்க" என்றேன்.

சந்தனத்தால்தான் எரிந்தது என்று ரிப்போர்ட் எழுதி முதலாளிக்கே அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த அண்ணனைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. பாட்டரி வண்டியைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார்கள். மானேஜர் மட்டும் மானேஜராகவே இருந்தார்.

சில வாரம் கழித்து, சிம்மக்கல்லில் ஒரு ஃபேன் ரிப்பேர் கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்டவன் மாதிரி, நான் எழுதிய ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்புட்டையும் எழுதுனீங்களா சார்? நான் கத்துனதையும் எழுதுனீங்களா?"

எழுதவில்லை. அதை எழுதினால், கேட்டும் சும்மா நின்றது யார் என்றும் எழுத வேண்டியிருக்குமே.

அதன்பிறகு வேறு ஊர்களில், வண்டி மோட்டார் ஆராய்ச்சியிலேயே என் காலமெல்லாம் போனது. அந்த மானேஜரை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் அவரைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், அந்த ரிப்போர்ட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி முன்னால் வந்து நிற்கிறது.